வாய் தவறினால் மனம் தெரிந்துவிடுமா?

‘வாக்குறுதிகள் நிறைவேற்றப்பட்டது’ என்று மேடையில் ஒரு தலைவர் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை. மாலைக்குள் ஒரு விளக்கம் கிளம்பிவிடும்: ‘நிறைவேறியது ஒன்றே ஒன்றுதான், அவரை அறியாமலே உண்மை வந்துவிட்டது.’

கேட்கச் சுவையான விளக்கம்தான். ஆனால் பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்றே கிடையாது. ‘மரங்கள் விழுந்தது’ என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். எழுத்துத் தமிழில் பேச முயன்றவரின் வாயில் பழகிய வடிவம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

நாப்பிறழ்ச்சியில் ரகசியம் தேடும் பழக்கத்துக்குப் பெரிய ஆதரவு தந்தவர் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டு. 1901இல் அவர் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி ஒன்று புகழ்பெற்றது. ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவையின் தலைவர் கூட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டிய இடத்தில், கூட்டம் முடிந்ததாக அறிவித்துவிட்டார். அவை சிரித்த பிறகே திருத்திக்கொண்டார். இந்தக் கூட்டத்தால் நன்மை விளையாது, சீக்கிரம் முடிந்தால் நல்லது என்ற உள்விருப்பமே வெளிப்பட்டது என்றார் பிராய்டு. அந்த நிகழ்ச்சியை அவருக்கு முன்பே பதிவுசெய்திருந்த மொழியியலாளர் ருடால்ஃப் மெரிங்கர் தந்த விளக்கம் வேறு: எதிர்ச்சொற்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டே இருப்பவை, ஒன்றைத் தேடும்போது மற்றது கையில் சிக்கிவிடும்.

பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் மெரிங்கர் பக்கமே சாய்ந்தன. பேசும்போது நொடிக்கு இரண்டு மூன்று சொற்களைத் தேர்ந்தெடுக்கிறோம். முழு வாக்கியத்தையும் கட்டி முடித்துவிட்டு யாரும் வாயைத் திறப்பதில்லை. முதல் சொற்கள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பின்வருபவை தயாராகின்றன. பொருளிலும் ஒலியிலும் நெருங்கிய சொற்கள் எல்லாம் சேர்ந்தே விழித்துக்கொள்ள, அவற்றில் ஒன்று வெல்கிறது. எப்போதாவது தவறானது வெல்கிறது.

இலக்கணப் பிழைகளும் இப்படியே. ‘இந்தத் திட்டங்களின் நோக்கம் நிறைவேறிவிட்டன’ என்ற வாக்கியத்தில், நடுவே நிற்கும் ‘திட்டங்கள்’ வினையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கேத்ரின் பாக், கரோல் மில்லர் என்ற ஆய்வாளர்கள் 1991இல் இதே இழுப்பை ஆங்கிலத்தில் வரவழைத்துக் காட்டினார்கள். வாக்கியத்தின் முற்பகுதியை மட்டும் கொடுத்து முடிக்கச் சொன்னபோது, ஒருமை எழுவாயின் அருகே பன்மைச் சொல் இருந்த இடங்களில் பிழைகள் பெருகின. பன்மை எழுவாயின் அருகே ஒருமை இருந்தபோது அப்படி நேரவில்லை. எதையும் ஒளிக்காத மாணவர்கள், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாத வாக்கியங்கள்!

மனநிலைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். மைக்கேல் மாட்லி, பெர்னார்டு பார்ஸ் இருவரும் 1970களில் ஒரு சோதனை செய்தார்கள். மின்னதிர்ச்சி கிடைக்கலாம் என்று அஞ்சவைக்கப்பட்டவர்கள், சொல் இணைகளை வேகமாக வாசித்தபோது, ‘ஷேட் பாக்’ போன்றவற்றை ‘பேட் ஷாக்’, அதாவது மோசமான அதிர்ச்சி, என்று மாற்றிச் சொல்வது கூடியது. அந்த நேரத்தில் மனத்தை நிறைத்திருப்பது பிழையின் திசையைத் திருப்பக்கூடும். ஆனால் அங்கே அச்சத்தை ஊட்டியது ஆய்வாளர்கள். அதனால்தான் காரணத்தை அவர்களால் சொல்ல முடிந்தது. மேடைப் பேச்சாளர் விஷயத்தில் நாம் காரணத்தையே ஊகிக்கிறோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. சரளமாகப் பேசுபவரும் ஆயிரம் சொற்களுக்கு ஒரு முறையாவது தவறுகிறார். ஒரு மணி நேரப் பேச்சில் ஏழெட்டுப் பிழைகள். நமக்கு ஏற்கெனவே இருக்கும் சந்தேகத்தோடு பொருந்தும் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடுகிறோம். பிடித்த தலைவர் அதே பிழையைச் செய்தால் களைப்பு என்கிறோம். இந்தப் பாரபட்சம்தான் என்னை மிகவும் உறுத்துகிறது.

பிழை நேர்ந்ததா என்பதே சில சமயம் தெரியாது. 1969இல் நிலவில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் ஆங்கிலத்தில் சொன்ன ‘ஒரு மனிதனுக்குச் சிறிய அடி, மனிதகுலத்துக்குப் பெரிய பாய்ச்சல்’ என்ற வாக்கியத்தில் ‘ஒரு’ என்ற பொருள் தரும் சிறுசொல் கேட்கவில்லை. அது இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் ‘மனிதன்’ என்ற சொல்லும் மனிதகுலத்தையே குறிக்கும், ‘மனிதகுலத்துக்குச் சிறிய அடி, மனிதகுலத்துக்குப் பெரிய பாய்ச்சல்’ என்று வாக்கியம் முரண்படும். சொல்ல நினைத்தது அந்தச் சொல்லோடுதான் என்றார் அவர். 2013இல் ஆய்வாளர்கள் அவர் பிறந்த ஒஹாயோ மாநிலத்து மக்களின் பேச்சுப் பதிவுகளை அளந்தார்கள். அந்தச் சிறுசொல் முந்தைய சொல்லோடு கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று பிரிக்க முடியாதபடி பல இடங்களில் ஒலித்தது.