அம்மம்மாவின் அலுமாரி ஏன் இரவில் வெடிக்கிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மம்மாவின் தேக்கு அலுமாரி அறுபது வருஷமாகச் சத்தமில்லாமல் நின்றது. போன மாதம் அந்த அறைக்கு ஏசி பூட்டினார்கள். அன்றிலிருந்து நடுச்சாமத்தில் ‘டக்’ என்று வெடிக்கிறதாம். அம்மம்மா இந்த வருஷம்தான் காலமானார் என்பதால் வீட்டில் ஒருவரும் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. அலுமாரிக்கு மேல் ஒரு தேசிக்காய் ஏறிவிட்டது, கதவில் திருநீறு. “தச்சரைக் கூப்பிடவா, ஐயரைக் கூப்பிடவா?” என்று கேட்கிறார்.

இரண்டு பேரும் வேண்டாம். கூப்பிட்டே தீருவதென்றால் ஐயரைக் கூப்பிடுங்கள். அவர் அலுமாரியில் ஆணி அடிக்கமாட்டார்.

மரம் என்பது நெருக்கமாக அடுக்கிய குழாய்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: குழாயின் உள்ளே, குழாயின் சுவரிலே. உள்ளே இருப்பது வற்றும்போது மரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. குடத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் குடமா சுருங்கும்? சுவரில் ஊறிய தண்ணீர் போகத் தொடங்கும்போதுதான் விஷயம் வேறு. வனைந்த பச்சைக் குடம் காயும்போது சிறுத்துவிடும் அல்லவா, அதுபோல. காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் இந்தச் சுருக்கம் ஆரம்பிக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்தச் சுவரை உருப்பெருக்கிப் பார்த்தால் செல்லுலோஸ் இழைகள் தெரியும். சுவரின் தடித்த நடு அடுக்கில் அவை குழாயின் நீளவாக்கில், கொஞ்சமே சாய்ந்து சுற்றி ஓடுகின்றன. ஒரு பிடி ஈர்க்கை எடுத்து, ஒவ்வொரு ஈர்க்குக்கும் இடையில் குழைத்த மாவைத் திணித்துப் பாருங்கள். கட்டு பருக்கும், ஆனால் ஓர் ஈர்க்காவது நீளுமா? தண்ணீர் மூலக்கூறுகள் செய்வதும் இதைத்தான். இழைகளுக்கு இடையில் நுழைந்து அவற்றை விலக்கி வைக்கின்றன, வெளியேறும்போது இழைகள் நெருங்குகின்றன. ஆகவே மரம் அகலத்தில் மூச்சு விடுகிறது, நீளத்தில் அசையாமல் கிடக்கிறது. பச்சையாக இருந்து முழுக்கக் காயும்வரை தேக்கு நீளவாக்கில் சுருங்குவது 0.2 சதவீதம்கூட வராது. வளையங்களின் போக்கில் சுருங்குவது சுமார் 5.8 சதவீதம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 தான். அந்தத் திசையில் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளைப்போல மரக்கதிர்கள் ஓடிச் சுருக்கத்தை இழுத்துப் பிடிப்பது இதற்கு ஒரு காரணம். முற்றத்தில் கிடக்கும் பலாக் குற்றியின் வெட்டுமுகம் நட்சத்திரம்போல வெடிப்பது ஏன் என்று இப்போது விளங்கும்: வளையம் குறுகத் துடிக்கிறது, ஆரம் அவ்வளவு குறுக மறுக்கிறது.

கொழும்புக் கணக்குக்கு வருவோம். காற்றில் ஈரப்பதன் 80 சதவீதம் இருக்கிற திறந்த அறையில் மரத்தின் ஈரம் 16 சதவீதம் அளவில் நிலைக்கும். ஏசி ஓடி ஈரப்பதன் 55க்கு இறங்கினால், வாரக்கணக்கில் மெல்ல மெல்ல 10க்கு வரும். இந்த 6 புள்ளி வித்தியாசத்துக்கு, 40 சென்ரிமீற்றர் அகலத் தேக்குப் பலகை நாலரை மில்லிமீற்றர்வரை குறுகலாம். ஆளுயரக் கதவின் உயரமோ அரை மில்லிமீற்றர் அளவில்தான் மாறும். பொலிஷ் அடித்தால் நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு. பொலிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

நாலரை மில்லிமீற்றரை எங்கே ஒளித்து வைப்பது? அலுமாரிக் கதவை உற்றுப் பாருங்கள். சுற்றிவர நாலு சட்டங்கள், நடுவில் பலகை. சட்டங்கள் ஒடுக்கமானவை, அதனால் அகலத்தில் அவை அசைவது சொற்பம். அவற்றின் மூலைகள் கழுந்தும் குழியுமாகப் பசை போட்டு இறுக்கப்பட்டவை. சட்டத்தின் உள்விளிம்பில் ஒரு காடி, அதாவது ஒடுக்கமான நீளப் பள்ளம், ஓடுகிறது. பலகையின் ஓரம் அந்தக் காடிக்குள் சும்மா செருகி நிற்கிறது, பசையும் இல்லை, ஆணியும் இல்லை. மழைக்குப் பருத்தால் காடிக்குள் புகும், காய்ந்தால் வெளியே வரும். கதவின் அளவு மட்டும் மாறாது. புறக்கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் கால அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய தளபாடங்களின் கதவுகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். (போர்த்துக்கேயர் நமக்கு அலுமாரி, கதிரை, மேசை என்ற சொற்களைத் தந்தார்கள். லாச்சி ஒல்லாந்தர் உபயம். நம் வீட்டுக்குள் அவர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.)

இதில் துயரம் என்னவென்றால், பழுது பார்க்க வருகிறவர்களில் சிலர் இந்த ஆடும் பலகையைக் குறை என்று எண்ணிப் பசை ஊற்றிவிடுகிறார்கள். எனக்கு ஒருவர் சாப்பாட்டு மேசை செய்து தந்தார். மேற்பலகையை நாலு பக்கமும் திருகாணி போட்டுச் சட்டத்தோடு இறுக்கியிருந்தார். “அசையவே அசையாது” என்றார். அசையவில்லைதான். தை மாதத்து வரட்சியில் ஒரு விடியற்காலை நடுவாலே பிளந்தது. திருகாணித் துளைகளைக் குறுக்குவாக்கில் கொஞ்சம் நீட்டி விட்டிருந்தால் போதும், மேசை பிழைத்திருக்கும்.

உங்கள் அலுமாரியின் ‘டக்’கும் அந்தக் குடும்பத்துச் சத்தம்தான். பலகை குறுகுகிறது, ஆனால் காடி விளிம்பில் பழைய பொலிஷ் அதை ஒட்டிப் பிடித்திருக்கிறது. இழுவிசை சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் பிடி விட்டுத் தலைமயிர் அளவு நழுவும். உடுப்பு வைத்த அந்தப் பெரிய பெட்டி, மிருதங்கத்தின் கூட்டைப்போல அதைப் பெருக்கிக் காட்டும். ஏசி ஓடுவதும், காலி வீதி இரைச்சல் அடங்குவதும் இரவில் என்பதால் சத்தத்துக்கும் அதுவே நேரம்.

தேசிக்காயில் எனக்குக் கோபமில்லை. கோபம் வேறிடத்தில். மொறட்டுவைப் பக்கத்துப் பட்டறைகளில் பலகையைத் தட்டியும் தூக்கியும் பார்த்தே ஈரத்தை ஊகிக்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள். அந்தக் கைக்கு ஓர் எண்ணும் துணை இருந்தால் எவ்வளவு நல்லது! அதற்குச் செலவு பெரிதில்லை: ஒரு துண்டை நிறுத்து, 103 பாகை செல்சியஸ் அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து, மறுபடி நிறுத்தால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். தேக்கு, முதிரை, பலா, மகோகனி ஒவ்வொன்றும் எவ்வளவு சுருங்கும் என்ற அட்டவணை தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் தொங்கவேண்டும். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் காசில் கொஞ்சம் இந்த அச்சுக்கூலிக்கும் போகட்டும் என்பது என் கட்சி. அமாவாசை பார்த்து மரம் தறித்தால் வெடிக்காது என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அறுத்த பலகைகளுக்கிடையே குச்சி வைத்து, நிழலில் அடுக்கி, பொறுமையாகக் காயவிடுவதில் நம்பிக்கையுண்டு.

வாசகிக்கு ஒரு வேலை. இன்றைக்கே பலகையில், சட்டத்தை ஒட்டி, ஒரு மெல்லிய பென்சில் கோடு போடுங்கள். சில வாரங்களில் கோட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில், பொலிஷ் படாத வெளிறிய தேக்கு ஒரு நூல் அகலத்துக்குத் தெரியவரலாம். அம்மம்மா அலுமாரி வாங்கிய நாளிலிருந்து காடிக்குள்ளேயே கிடந்த மரம் அது. எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து எழுதுங்கள்.