அஸ்பால்ட்: நிலக்கீலா, தார்க்கலவையா?

"நிலக்கீலில் 5.5 சதவீதம் நிலக்கீல் இருக்க வேண்டும்." மதுரைத் தெரு ஒன்றுக்குச் சாலை போடும் குறிப்பில் இப்படி ஒரு வரி. மெய்ப்புப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். இந்த மாதிரி வரி எனக்கு இது மூன்றாவது. பாலில் கொஞ்சம் பால் ஊற்று என்பது போல.

ஆங்கில மூலத்தில் இருந்தவை இரண்டு சொற்கள். அஸ்பால்ட் கிரேக்க வழி, பிட்டுமன் லத்தீன் வழி. நம் பொறியாளர்களுக்குப் பிட்டுமன் என்பது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் கறுப்புப் பசை. அதோடு ஜல்லியும் கல்தூளும் சேர்ந்தால் அஸ்பால்ட். அமெரிக்கர்கள் பசையையும் அஸ்பால்ட் என்பார்கள். சரி, அது அவர்கள் பாடு. நம்மவர்கள் ஏன் இரண்டுக்கும் நிலக்கீல் என்று போடுகிறார்கள்?

கீல் என்றால் மதுரைக்காரருக்குக் கதவுக் கீல், இல்லாவிட்டால் பாட்டியின் கீல்வாதம். தனித்தமிழ் என்று நெஞ்சு நிமிர்த்தவும் முடியாது. அரபியிலும் பாரசீகத்திலும் இந்தக் கறுப்புப் பசைக்கு 'கீர்' என்ற சொல் இருக்கிறது. அப்புறம் தாரை மட்டும் அந்நியன் என்று விரட்டுவானேன்?

தாரிலும் குறை உண்டு. ஆங்கிலத்தில் அது நிலக்கரியிலிருந்தோ மரத்திலிருந்தோ வடித்தது. இப்போது ரோட்டில் ஊற்றுவது வேறு. வாழைத்தார் இருக்கிறது, பாண்டியர் சூடிய வேப்பந்தாரும் இருக்கிறது. ஆனாலும் தார் ரோடு என்றால் மேலூரில் யாரும் வாழைக்காய் தேடிப் போவதில்லை. பசைக்குத் தார், கலந்ததற்குத் தார்க்கலவை. போதும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. தாரின் தரம் தனி, கலவையின் வகை தனி. ரோட்டுக்கு இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். விஜி 10, விஜி 30, விஜி 40 என்பவை தாரின் தரங்கள். எண் ஏற ஏறத் தார் கெட்டி; பார லாரிகள் ஓடும் சாலைக்கு விஜி 40 கேட்பார்கள். அடியடுக்குக்குப் பருஜல்லியா, மேலடுக்குக்குப் பொடிஜல்லியா என்பது கலவையின் கேள்வி. நம் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலையையே பாருங்கள், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் முறையில் நறுக்கிய பிளாஸ்டிக் முதலில் சூடான ஜல்லிமேல் ஒட்டுகிறது, தார் பிறகுதான் வருகிறது. 'நிலக்கீலில் பிளாஸ்டிக்' என்று எழுதினால் தாரில் கரைத்தார்கள் என்றுதானே படிப்பவர் நினைப்பார்?

'தார்க்கலவையின் எடையில் 5.5 சதவீதம் தார்' என்று திருத்தினேன். அதே பக்கத்தில் 'மிக்ஸ் டிசைன்' என்பதற்குக் 'கலவை வடிவமைப்பு' என்றும் இருந்தது. கலவைக்கு ஏது வடிவம்? லேகியம் கிண்டுகிறவர் 'சேர்மானம்' என்பார். அதையும் எழுதி அனுப்பினேன். தாரை ஏற்றுக்கொண்டார்கள், வடிவமைப்பு அப்படியே திரும்பி வந்தது.