பாக்குரலில் இடிக்கக் கூடாத குளிசைகள்

கோப்பாய்ப் பக்கமிருந்து ஓர் ஆச்சியை மகள் எங்கள் மருந்தகத்துக்கு அழைத்து வந்தார். காலையில் பிரஷர் குளிசை போட்டுச் சற்று நேரத்தில் ஆச்சி கிணற்றடியில் தலைசுற்றி விழுந்திருக்கிறார். பின்னேரம் அளந்தால் அழுத்தம் ஏறி நிற்கிறது. மருந்தே சரியில்லையோ என்பது மகளின் சந்தேகம். எப்படிப் போடுகிறீர்கள் என்று ஆச்சியிடம் கேட்டேன். “தொண்டையில் சிக்குகிறது பிள்ளை. பாக்குரலில் இடித்துக் கதலிப்பழத்துக்குள் வைத்து விழுங்குகிறேன்” என்றார்.

கிளினிக் கொப்பியில் இருந்தது நிபெடிப்பின் எஸ்.ஆர். 20 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. அந்த ‘எஸ்.ஆர்.’ என்ற இரண்டு எழுத்துகளில்தான் விடயம் இருக்கிறது. மெதுவாகக் கரையும் பொருளோடு மருந்தைப் பிணைத்து, பல மணி நேரம் சிறுகச் சிறுகக் கசியும்படி செய்த குளிசை அது. இடித்தால் அந்தப் பிணைப்பு உடைகிறது. அரை நாளுக்கு உரிய மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் சேர்ந்து அழுத்தத்தைச் சடுதியாக இறக்கிவிடும். பின்னேரத்துக்கு மிச்சம் இருக்காது. ஆச்சிக்கு நடந்தது இதுதான். வைத்தியருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அவர் இடித்துக் கொடுக்கக்கூடிய சாதாரணக் குளிசையாக அம்லோடிப்பினுக்கு மாற்றினார்.

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எம்.ஆர்., சி.ஆர். என்று எது இருந்தாலும் அது இந்தக் குடும்பம். நீரிழிவுக்குத் தரும் மெட்போமின் எஸ்.ஆர். இதில் சேரும். இவ்வகைக் குளிசைகள் சிலவற்றின் வெற்றுக்கோது மலத்தோடு வெளியேறுவதுண்டு. “போட்டது அப்படியே வந்துவிட்டது” என்று பயந்து இன்னொன்று போடாதீர்கள். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வந்தது கோது மட்டும். நீரிழிவுக்கே தரும் க்ளிக்கிளசைட் எம்.ஆர். 60 போன்ற சிலவற்றில் நடுவே கோடு இருக்கும். அந்தக் கோட்டில் பாதியாக உடைக்கலாம், தூளாக்கவோ சப்பவோ கூடாது. கோடு இல்லாத குளிசையைப் பாக்குவெட்டியால் நறுக்குவதையும் பார்க்கிறேன். இரண்டு பாதியிலும் ஒரே அளவு மருந்து இருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

மேற்பூச்சும் எல்லாம் ஒன்றல்ல. சீனிப்பூச்சு கசப்பை மறைக்க. ‘ஈ.சி.’ என்ற குடற்பூச்சோ இரைப்பையின் அமிலத்தில் கரையாமல், சிறுகுடலில் போய்க் கரைவதற்கு. வலிக்குத் தரும் டைக்ளோபெனாக், 75 மில்லிகிராம் அஸ்பிரின் ஆகியவற்றுக்கு இரைப்பையைக் காக்கவே இதைப் பூசுகிறார்கள். இவற்றோடு சேர்த்து அமிலத்தைத் தணிக்கும் குளிசையைச் சப்பினால் பூச்சு இரைப்பையிலேயே கரையத் தொடங்கிவிடும். இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். மாரடைப்பு என்று சந்தேகிக்கும்போது வைத்தியர்கள் அஸ்பிரினைச் சப்பி விழுங்கச் சொல்வது வேறு கதை. அங்கே மருந்து உடனே இரத்தத்தில் சேர வேண்டும்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜி.டி.என். குளிசையை விழுங்கினால், ஈரல் அதில் பெரும்பகுதியை அழித்துவிடும். நாக்கின் கீழ் வைத்தால் சில நிமிடங்களில் வேலை செய்யும். இருந்துகொண்டு வையுங்கள், நின்றால் மயக்கம் வரலாம்.

கூச்சத்தால் பலர் கேட்காமல் போகும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைபடுதலுக்கும் அரிப்புக்கும் தரும் க்ளோட்ரிமசோல் குளிசை பெண்ணுறுப்பினுள் வைப்பது. அதைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, குணமில்லை என்று திரும்பி வந்த தங்கைமார் இருக்கிறார்கள். கடையில் ஆள்கூட்டம் இருந்தால் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தண்ணீரில் கரைப்பவை, சப்புபவை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பெட்டியிலேயே எழுதியிருக்கும். எங்கள் சிக்கல், குளிசை பெட்டியில்லாமல் கடதாசி உறையில் வீட்டுக்குப் போவது. ‘எஸ்.ஆர்.’ என்ற எழுத்து உறையில் விடுபட்டால் ஆச்சிமார் எப்படி அறிவார்கள்? மருந்து தருபவரிடம் “இதை உடைக்கலாமா?” என்று கேட்டு, அவரைக் கொண்டே உறையில் எழுதுவியுங்கள். ஜி.டி.என்.-ஐ மட்டும் உறைக்கு மாற்றவே வேண்டாம். நம்முடைய சித்திரை வெயிலில் அதன் வீரியம் போய்விடும். அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே மூடியை இறுக்கி வையுங்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி, 8 வாரங்களில் புதியது வாங்குங்கள்.