சிஸ்டர் கத்தாத வார்டில் தவறு சீக்கிரம் தெரியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு மருத்துவமனை வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டராக இருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் காலை, எட்டு மணிகூட ஆகியிருக்காது. மதுரையிலிருந்து வந்து சேர்ந்த இளம் நர்ஸ் ஓடிவந்தாள்.

"அக்கா, ஏழாம் பெட் தாத்தாவுக்கு இன்சுலின் போட்டுட்டேன். அவர் இன்னும் சாப்பிடலை. எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற, வேகமாக வேலை செய்யும் இன்சுலின் அது. போட்ட பிறகு சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். "சரிம்மா, உடனே சொன்னியே, நல்லது. சுகர் பார்க்கிற மிஷினை எடு, போவோம்" என்றேன். எக்ஸ்ரே அறை வாசலில் தாத்தா சக்கர நாற்காலியில் இருந்தார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 3.1. இங்கே மில்லிமோல் கணக்கு; நம் ஊர் மில்லிகிராம் கணக்கில் 56. இங்கே 4-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்தோம். கால் மணி நேரத்தில் 4.8. "பசிக்குது பிள்ளை" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் பயந்துபோய் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்? எனக்கு அந்தப் பயம் தெரியும். தமிழ்நாட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் மூத்த சிஸ்டர் நோயாளிகள் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்குவார். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்க வேண்டிய பிரஷரை மறந்துவிட்டேன். திட்டுக்குப் பயந்து பழைய எண்ணையே எழுதிவைத்தேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த எண் இன்னும் என்னை உறுத்துகிறது.

எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பல வார்டுகளில் ஆராய்ந்து 1996-இல் எழுதினார். நல்ல தலைமை உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அங்கே இருப்பவர்கள் நடந்ததை மறைக்காமல் சொல்கிறார்கள் என்பது பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது.

'அடியாத மாடு படியாது' என்பார்கள். மாட்டின் கதை எனக்குத் தெரியாது. மனிதர்களைப் பற்றி இஸ்ரேலில் 24 பச்சிளங்குழந்தைப் பிரிவுக் குழுக்களை வைத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வு அது. வெளியாள் ஒருவர் மட்டம்தட்டிப் பேசியதைக் கேட்ட குழுக்கள் நோயைக் கணிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின.

மென்மை என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது இல்லை. அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து சம்பவ அறிக்கை எழுதினோம். 'ஏன் செய்தாய்' என்று கேட்கவில்லை, 'எப்படி நடந்தது' என்று கேட்டேன். ஊசி போடும் நேரத்துக்கும் சாப்பாட்டு வண்டி வரும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போது தட்டு கட்டிலுக்கு வந்த பிறகுதான் ஊசி. இதில் யாருக்கும் விலக்கு கிடையாது, எனக்கும்தான்.

என்னைவிட வயதில் பெரிய சுலு பெண்கள் இங்கே உதவியாளர்களாக இருக்கிறார்கள். அவர்களை 'மாமா' என்று கூப்பிடுவதுதான் இங்கே மரியாதை; சுலு மொழியில் அதற்கு அம்மா என்று பொருள். முதலில் என் தமிழ் நாக்குக்கு அது வரவே இல்லை. குறை சொல்ல வேண்டியிருந்தால் துணி அலமாரிப் பக்கம் கூப்பிட்டு, தணிந்த குரலில் சொல்வேன். நாலு பேர் முன்னால் ஒரு சொல் தடித்துவிட்டால், அப்புறம் எந்தச் சேதியும் என் காதுக்கு வராது.

நேற்று புதிதாக வந்த பெண் ஒருத்தி மருந்துச் சீட்டைப் பிடித்தபடி என் அறை வாசலில் தயங்கி நின்றாள். பின்னாலிருந்து அந்த மதுரைப் பெண்ணின் குரல் கேட்டது: "போய் அக்காகிட்ட சொல்லு. நானும் கூட வர்றேன்."