கயாக் வண்டி மணலில் ஏன் புதைகிறது?

சிமெண்ட் தரையில் இரண்டு சக்கர வண்டிமேல் கயாக்கை, அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகைக் கட்டி, ஒரே கையால் இழுத்துக்கொண்டு போய்விடலாம். அதே வண்டி கடற்கரை மணலில் இறங்கியதும் பத்தடிக்குள் மூச்சு வாங்க வைத்துவிடும். 30 கிலோ கயாக் அப்போதும் 30 கிலோதான். அச்சில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணெய் விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. கோளாறு அங்கே இல்லை.

குனிந்து சக்கரத்துக்கு முன்னால் பாருங்கள். ஒல்லியான சக்கரம் மணலுக்குள் இறங்கியிருக்கும். அதற்கு முன்னால் சின்னதாக ஒரு மணல்மேடு எழும்பியிருக்கும். அதில் ஏறப் பார்த்தால் மேடு சரிகிறது, சக்கரம் மறுபடி இறங்குகிறது, அடுத்த மேடு தயார். நாம் சமதரையில்தான் நடக்கிறோம், சக்கரமோ வழி முழுக்க மேடேறிக்கொண்டே வருகிறது. நம் பலமெல்லாம் மணலை அமுக்குவதிலும் ஒதுக்குவதிலும் கரைந்துவிடுகிறது.

அப்படியானால் சக்கரம் புதையாமல் இருக்க வேண்டும். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மெத்தென்ற டயர், உள்ளே எவ்வளவு காற்றழுத்தம் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அழுத்தத்தில்தான் தரையை அமுக்கும். 30 கிலோவை இரண்டு சக்கரங்கள் பகிர்ந்தால் ஆளுக்கு 15 கிலோ. டயரில் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று இருந்தால், அந்த 15 கிலோவும் சுமார் 11 சதுர சென்டிமீட்டரில் இறங்கும். அது தீப்பெட்டியை விடச் சின்ன இடம், மணல் தாங்காது. 2 பிஎஸ்ஐ மட்டும் இருந்தால் டயர் சப்பென்று பரந்து, சுமார் 107 சதுர சென்டிமீட்டரில் உட்காரும், கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவு. பலூன் டயர் என்று விற்கும் குண்டுச் சக்கரங்களின் ரகசியம் இவ்வளவுதான். ஒட்டகத்தின் பாதமும் இதே வேலையைத்தான் செய்கிறது. டயரை விரலால் அழுத்தினால் நன்றாகக் குழிய வேண்டும். பார்க்கக் காற்று போதாததுபோல் இருக்கும், பம்ப்பை எடுத்துவிடாதீர்கள். வெயிலில் அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறும்.

சக்கரம் பெரிதாக இருப்பதும் நல்லது. அப்புறம், வண்டியைத் தள்ளாமல் இழுங்கள். இழுக்கும்போது கை கொஞ்சம் மேல்நோக்கித் தூக்குவதால் சக்கரத்தின் சுமை குறையும், தள்ளினால் கூடும்.

சரி, மணலின் பக்கம் என்ன இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உலர்ந்த மணலில் துகளுக்குத் துகள் பிடிப்பு குறைவு. லேசான ஈரம் சேர்ந்தால், துகள்களுக்கு நடுவே நுண்ணிய நீர்ப்பாலங்கள் உருவாகி அவற்றை இழுத்துக் கட்டிவிடும். மணல் வீடு நிற்பது அதனால்தான். பழைய எகிப்தியக் கல்லறை ஓவியம் ஒன்றில், பெரிய சிலையை ஏற்றிய சறுக்குப்பலகையைப் பலர் இழுக்க, ஒருவர் அதன் முன்னால் நீர் ஊற்றுகிறார். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். உலர்ந்த மணலில் பலகைக்கு முன்னால் மேடு குவிந்தது. சரியான அளவு ஈரத்தில் அது குவியவில்லை, இழுக்கத் தேவையான விசையும் ஏறக்குறைய பாதியானது. நீர் அதிகமானால் பாலங்கள் கரைந்து, மணல் மறுபடி இளகிவிடும்.

ஆகவே உலர்ந்த மணலைக் குறுக்குவழியில் கடந்து, அலை வந்து திரும்பிய ஈரப் பட்டையைப் பிடியுங்கள். கரையோரமாக எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தாலும் அதன்மேலேயே போங்கள். நுரை ததும்பும் இடம் வந்ததும் சக்கரம் திரும்பப் புதையத் தொடங்கும். அங்கே நிறுத்திப் பட்டியை அவிழ்த்துவிடலாம். இரண்டடி தள்ளினால் கயாக்கைக் கடல் தூக்கிக்கொள்ளும்.