சிவப்பு விளக்கு எரிந்த பிறகு ஓட்டிய இரண்டு கிலோமீட்டர்

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப் வாசலில் பழைய டீசல் கார் ஒன்று வந்து நின்றது. பின்னால் தெரு நெடுகக் கறுப்பாய் எண்ணெய்க் கோடு.

"அண்ணா, வேகத்தடை ஹம்ப்ல இறங்கும்போது அடியில டங்குன்னு அடிச்சுது. கொஞ்ச தூரத்துல டேஷ்போர்டுல சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சுது. ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு மெதுவா ஓட்டிட்டு வந்துட்டேன்" என்றார் அந்தத் தம்பி. எஞ்சினுக்குள் சுத்தியல் தட்டுகிற சத்தம். உடனே அணைக்கச் சொன்னேன். எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் மிச்சமிருந்த எண்ணெயை வடித்து விளக்கடியில் பார்த்தால், வெள்ளித்தூள் கலந்த மாதிரி மினுங்கியது. எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங் தேய்ந்து வந்த உலோகம் அது. சம்ப்போடு முடிந்திருக்க வேண்டிய செலவு கிராங்க் வரை போய்விட்டது.

அந்த விளக்கு காட்டுவது எண்ணெயின் அளவை அல்ல, அழுத்தத்தை. அழுத்தம் போனால் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் போய்விடும். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதுவும் எண்ணெயில்தான் மிதக்கிறது. மெதுவாக ஓட்டினாலும் ஆபத்துதான். நின்ற இடத்திலேயே அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

வேகத்தடைக்கு, சாலை விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் 1988-இல் சொன்ன அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். நம் பெங்களூர்த் தெருக்களில் பல மேடுகள் கைக்கு வந்தபடி போட்டவை. ஸ்பிரிங் தளர்ந்த பழைய வண்டியில் ஐந்து பேர் ஏறினால் அடி தட்டாமல் என்ன செய்யும்?

வார்ப்பு அலுமினிய சம்ப் விரிசல் விடும். தகட்டு சம்ப் நசுங்கும். நசுங்கியதை "ஒழுகலையே" என்று விட்டுவிடாதீர்கள். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் சல்லடையான ஸ்ட்ரெயினர் சம்ப்பின் தரையை ஒட்டித்தான் இருக்கிறது. தரை மேலே எழும்பினால் அதன் வாயை அடைத்துவிடும். ஒரு சொட்டு ஒழுகாமலே எஞ்சின் பட்டினி கிடக்கும்.

விரிசலுக்கு மேல் பசை அப்பி அனுப்புவதை நான் நிறுத்திப் பல வருஷமாகிறது. சூட்டிலும் அதிர்விலும் அது பெயர்ந்துவிடும். ஆர்கன் வெல்டிங் செய்யலாம்தான். ஆனால் அலுமினியத்துக்குள் ஊறிய எண்ணெயை முழுக்க எடுக்காவிட்டால் வெல்டிங் வைத்த இடத்தில் பொடி ஓட்டைகள் விழும். சூட்டில் விளிம்பு வளைந்தால் பொருந்தும் இடத்தில் கசியும். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் புது சம்ப் கிடைக்கும்போது அதையே வாங்கச் சொல்வேன்.

மாட்டும்போது கசிவை அடைக்கும் சிலிகான் பசையை மெல்லிய கோடாக இழுக்க வேண்டும். அதிகம் வைத்தால் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, ஸ்ட்ரெயினரில் போய் அடையும். எண்ணெய் வடிக்கும் ஓட்டையை மூடும் டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். முழு பலத்தோடு முறுக்காதீர்கள். அந்த ஓட்டையைச் சுற்றித் தொடங்கிய விரிசல்களையும் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்த அன்று ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள், திரும்ப இறக்கிப் பார்க்கிறோம்.