ஆசாஹி கப்பல் எரிபொருளை மிச்சம் பிடிப்பது எப்படி

போர்க்கப்பல் என்றாலே ஏவுகணை, ரேடார் என்றுதான் பேச்சு போகும். ஜப்பானின் ஆசாஹி ரக நாசகாரிகளில் (மொத்தமே இரண்டுதான்: 2018 மார்ச்சில் வந்த ஆசாஹி, 2019 பிப்ரவரியில் வந்த ஷிரானுய்) சுவாரசியமான சமாச்சாரம் கீழே இன்ஜின் அறையில் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க இரண்டு மடங்கு சக்தி போதாது, ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். அப்படியானால் 30 நாட், அதாவது மணிக்கு சுமார் 55 கி.மீ. வேகத்தில் பாயக்கூடிய கப்பல், 15 நாட்டில் ரோந்து போகும்போது அந்த பலத்தில் எட்டில் ஒரு பங்கு இருந்தாலே ஓடிவிடும். ரோந்துக் கப்பலுக்கோ பெரும்பாலான நாட்கள் இந்த நிதான ஓட்டம்தான்.

இங்கேதான் கேஸ் டர்பைன் சொதப்பும். ஆசாஹியில் இருக்கும் எல்எம்2500 என்ற கேஸ் டர்பைன், விமான இன்ஜினிலிருந்து உருவானது. காற்றை உறிஞ்சி, கம்ப்ரசரில் அழுத்தி, எரிபொருளோடு எரித்து, அந்தச் சூடான வாயுவால் டர்பைனைச் சுழற்றுகிறது. ஆனால் டர்பைன் உண்டாக்கும் சக்தியில் பாதிக்கு மேல் அந்தக் கம்ப்ரசரைச் சுழற்றவே போய்விடும். கப்பல் மெதுவாகப் போகிறதே என்று கம்ப்ரசர் ஓய்வெடுக்க முடியாது, அதனால் வேலை குறைந்த அளவுக்கு எரிபொருள் செலவு குறையாது. 2012இல் ஜப்பான் கடற்படையில் சேர்ந்த அகிசுகி ரக நாசகாரிகளில் இப்படி நான்கு கேஸ் டர்பைன்கள். மெதுவாகப் போகும்போது சிலவற்றை நிறுத்தினாலும், ஓடும் ஒன்று அரைகுறை வேலையில்தான் எரிந்துகொண்டிருக்கும்.

ஆசாஹியில் பெரிய டர்பைன் இரண்டே இரண்டு, கூடவே மின்மோட்டார்கள். மெதுவான ஓட்டத்தில் பெரியவை இரண்டும் நின்றுவிடும். ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில் மோட்டார்கள் ப்ரொப்பல்லரைச் சுழற்றும். வேகம் வேண்டுமென்றால் டர்பைன்களும் சேர்ந்து தள்ளும். சரி, ஜெனரேட்டரை ஓட்டவும் எரிபொருள் வேண்டுமே, பிறகு என்ன லாபம்? அதை ஓட்டுவது சின்ன இன்ஜின், முழு பலத்துக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் வீணாவது குறைவு. ஹைப்ரிட் கார் மாதிரி என்று சொல்வார்கள், ஓரளவுக்குத்தான் சரி: இங்கே சேமித்து வைக்கப் பெரிய பேட்டரி கிடையாது, மின்சாரம் அந்தந்த நேரத்தில் உற்பத்தியாகி அப்போதே செலவாகிறது.

இன்னொரு ஆதாயம் சத்தம். இந்த ரகத்தின் முக்கிய வேலை நீர்மூழ்கி வேட்டை. முன்பகுதியில் ஒரு சோனார் (ஒலியை வைத்து நீருக்கடியில் தேடும் கருவி), பின்னால் நீளமாக இழுத்துப் போகும் இன்னொன்று என்று கடலைக் காது கொடுத்துக் கேட்கும் கப்பலுக்கு, சொந்த இன்ஜின் இரைச்சல்தான் முதல் தொல்லை. பெரிய டர்பைன்கள் அடங்கினால் அந்தத் தொல்லையில் ஒரு பகுதி போய்விடும்.

இந்த ஏற்பாட்டை ஜப்பான் திடீரென்று நம்பிவிடவில்லை. 1995இல் வந்த ஆசுகா என்ற சோதனைக் கப்பலிலேயே இருந்தது. ஆசாஹிக்கு அப்புறம் 2020இல் வந்த மாயா ரகத்துக்கும் இதையே எடுத்துக்கொண்டார்கள். மொகாமி ரகத்தில் மட்டும் வேறு வழி: ஒரே ஒரு டர்பைன், துணைக்கு இரண்டு டீசல் இன்ஜின்கள்.